அக்கா வாங்கிய லேசர் இயந்திரம்

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், உப்புமாங்காய் ஊறும் பீங்கான் ஜாடிக்குள், எங்கள் வீட்டுப் பேச்சில் பரணிக்குள், கரண்டியை விட்டேன். மாங்காய்க்குப் பதில் எஃகுக் கொக்கி ஒன்று ஏறி வந்தது. "தொடாதேடா! பரீட்சை நடந்துண்டிருக்கு" என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

அப்பாவுக்குப் பிறகு கொச்சி மட்டாஞ்சேரிப் பட்டறையை நடத்தியது அக்காதான். மீன்பிடிப் படகுகளுக்கான கொக்கி, வளையம் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் செய்தோம். எங்கள் சரக்கில் பெயர் கிடையாது. வாங்கிய வியாபாரி தன் பெயரை ஒட்டி விற்பான். அக்காவுக்கு அது தீராத வயிற்றெரிச்சல். அந்த வருஷம் படகு கட்டும் தளம் ஒன்று நேரடியாகவே ஆர்டர் தர முன்வந்தது. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு உருப்படியிலும் செய்தவர் பெயரும் எண்ணும் உப்புநீரில் அழியாமல் இருக்க வேண்டும். அதற்கு லேசரில் எழுத்துப் பொறிக்கும் இயந்திரம் தேவை. தப்பானதை வாங்கினால் ஆர்டரும் போச்சு, மறுபடி பெயரில்லாத பட்டறைதான்.

இடப்பள்ளிக் கடையில் பளபளக்கும் தகட்டில் நொடியில் பூப்போட்டுக் காட்டினார்கள். நான் வாயைப் பிளந்தேன். அக்கா பையிலிருந்து எங்கள் கொக்கியை எடுத்து, "இதிலே போடுங்கோ" என்றாள். இதே இயந்திரம் செய்து விற்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமும் அப்படியே ஒன்று. உப்புநீரைத் தாங்குமா என்று பார்க்க இரண்டும் பரணிக்குள் போயின. சில நாளில் இரண்டின் எழுத்திலும் துரு பூத்தது. பொறிக்கும்போது சூடு மிஞ்சினால் அந்த எஃகும் துருப்பிடிக்குமாம்.

மாங்காய்ப் பரணியில் போட்டால் எந்த இயந்திரம் தாங்கும் சேச்சி என்று இடப்பள்ளிக்காரர் ஃபோனில் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரரோ மறுநாளே வந்து நின்றார். "அந்தப் பரணி எங்கீங்க அக்கா? பார்த்தே ஆகோணும்." துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஊருக்குப் போய் சூட்டைக் குறைத்து, வேகத்தை மாற்றி, மறுபடி மறுபடி பொறித்து அனுப்பினார். அந்த வருஷ மாங்காய் அத்தனையும் வீண். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் அத்திம்பேர் எல்லாரையும் முறைத்தார். கடைசிக் கொக்கி மட்டும் கறுப்பு எழுத்து கலையாமல் வெளியே வந்தது.

அக்கா அவருடைய இயந்திரத்தையே வாங்கினாள். "பையத்தான் எழுதும், எழுதட்டுமே. தப்பைப் பார்க்க ஓடி வந்தாரே, அவர்தான் நாளைக்கு ரிப்பேருக்கும் வருவார்."

போன மாதம் வேறு வேலையாகப் படகுத் தளத்துக்குப் போயிருந்தேன். கரையேற்றிய பழைய படகொன்றில் ஒருவர் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்பக்க வளையத்தில் எழுத்து தெரிந்தது. குனிந்து படித்தேன். எண்ணுக்கு மேலே, பட்டறைப் பெயர் அல்ல, அக்காவின் முழுப் பெயர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த மனிதர் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே அவர் தோளைத் தட்டிச் சொன்னேன்: "எங்க அக்காவாக்கும் இது!"