ஒயர் கூடைக்குள் ஒளித்த குச்சி

போன ஆடி மாதம் நடந்தது இது. கீரனூர் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் என் வீட்டுக்காரரோடு தங்கியிருந்தேன். பக்கவாதம் வந்ததில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். அந்தக் கையை மீட்காமல் ஊர் திரும்புவதில்லை என்று, இலுப்பூரில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

மூன்று வேளையும் நானே ஊட்டிவிடுவேன். பயிற்சி கொடுக்கும் பெண், "அக்கா, ஊட்டாதீங்கக்கா, அவரே எடுக்கட்டும்" என்று தலைபாடாக அடித்துக்கொள்வாள். "கட்டுனவருக்கு ஊட்டாம வேற யாருக்கும்மா ஊட்டுறது?" என்பேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று பார்ப்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மறைப்பானேன்?

அங்கே தோட்டத்து வேப்பமரத்தடியில், நீளமும் குட்டையுமாக இரும்புக் குழாய்களை வரிசையாகத் தொங்க விட்டிருந்தார்கள். ரப்பர் உருண்டை வைத்த குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். கைக்கும் மனசுக்கும் நல்லதாம். ஒரு நாள் சாயங்காலம் இவரைச் சக்கர நாற்காலியில் அங்கே கூட்டிப்போய், வலது கையில் குச்சியைக் கொடுத்தாள் அந்தப் பெண்.

எதிர்ப்பக்கம் ஒரு டீச்சரம்மா. அவருக்கும் பக்கவாதம்தான், பேச்சே போய்விட்டது. அவர் குழாயில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இவரைப் பார்த்தார். இவர் கை நடுங்க நடுங்க, இரண்டு தட்டு! அப்புறம் அந்த டீச்சரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து இவர் சிரித்து நாலு மாதமாகியிருந்தது.

அறுபது வயதில் எனக்கொரு சக்களத்தியா? நான் கெஞ்சியும் அசையாத கை, எவளோ தட்டினால் அசையுமா? தினமும் நாலு மணி ஆனால் போதும், அவர் கண் தோட்டத்துக்குப் போய்விடும். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் இவருடைய குச்சியை எடுத்து என் ஒயர் கூடையில் துண்டுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

அன்றைக்கும் டீச்சரம்மா இரண்டு தட்டுத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். இவர் கை வெறுமனே மடியில் கிடந்தது. "குச்சி எங்கிட்டுப் போச்சுன்னு தெரியலையே" என்று கூசாமல் சொன்னேன். "வாங்க, ரூமுக்குப் போவோம், காப்பி ஆறுது."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பெஞ்சில் இருந்த கூடையைப் பார்த்தார். வலது கை மடியிலிருந்து எழும்பியது, பொத்தென்று விழுந்தது. மறுபடி எழும்பியது. வழக்கம்போல் உதவப் போன என் மணிக்கட்டைப் பயிற்சிப் பெண் பிடித்துக்கொண்டாள். "விடுங்கக்கா."

கை கூடைக்குள் போய்த் துண்டைத் தள்ளியது. குச்சியோடு வெளியே வந்தது. நான் ஒளித்ததை அவர் பார்த்திருக்கிறார்! கூனிக்குறுகிப் போனேன்.

அவர் குழாயைத் தட்டவில்லை. குச்சியை என்னிடம் நீட்டினார்.

"நீ... அடி."

டீச்சரம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கண்ணீர் மறைக்க, எந்தக் குழாய் என்றுகூடப் பார்க்காமல் தட்டினேன்.

இப்போது கடை திறந்தாயிற்று. அவர் சிந்திச் சிந்தித் தானே சாப்பிடுகிறார். பார்க்கப் பார்க்க என் கை பரபரக்கும். அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்த நாலு மாதமும் அவரிடமிருந்து நான் ஒளித்துவைத்தது அவருடைய கையைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.