ஏழாவது துணி உருண்டை

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘நாளைக்கு’. கார் எஞ்சின் பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்பிரே பெயின்ட் அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். யாராவது வந்து “ஆயிருச்சா?” என்று கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார். பாகத்தின் அடியில், யார் கண்ணும் படாத இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் பதிந்தால் “நாளைக்கு.” பதியாவிட்டால்தான் பொருள் கைமாறும். கடவுளே வந்து நின்றாலும் அந்த நகத்தைக் கேட்டுத்தான் முடிவு.

பதினெட்டு வருடம் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று ஆனதும், பெயின்ட் துப்பாக்கியையும் குட்டி கம்ப்ரஸரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு எங்கள் குளியலறை கைவிட்டுப் போயிற்று. காலை பத்துக்கு மேல் மூன்று மணிவரை உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது. தூசி கிளம்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார், சுவர் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டுவார், ஜன்னலில் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார். என் துணி காயும் கம்பியில் எஞ்சின் மூடிகளும் பெல்ட் ஓடும் புல்லிகளும் தொங்கும். எங்கள் வீட்டு சோப்பு ஒரு வாரம் சாம்பல் நிறமாக இருக்கும், மறுவாரம் சிவப்பாக இருக்கும். நான் கத்தினால் முகமூடிக்குள்ளிருந்து “ம்ம்” என்று மட்டும் வரும். முகமூடி போட்டால் அவருக்குக் காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

பால்கனியில் ஒரு பழைய ‘அவன்’ அடுப்பு இருக்கிறது. மூடிப்போன பேக்கரி ஒன்றிலிருந்து வாங்கி வந்தது. எஞ்சின் சூட்டுக்கு உரிந்து போகாமலிருக்க, பெயின்ட் அடித்த பாகத்தை அதில் வைத்து வேகவைக்க வேண்டுமாம். ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு அதில் கேக் செய்தேன். சாப்பிட்டுவிட்டு என் தங்கை, “அக்கா, மைலேஜ் நல்லா வரும்போல” என்றாள்.

இனி துணி உருண்டைகளுக்கு வருகிறேன். எஞ்சினின் மேல்மூடி என்று ஒன்று உண்டு. அதில் எண்ணெய் ஊற்றவும் காற்று போகவும் சின்னச் சின்ன துளைகள் இருக்கும். பெயின்ட் உள்ளே போய்விடக் கூடாது என்பதால், பழைய மஞ்சள் துண்டைக் கிழித்து, உருண்டையாகச் சுருட்டி, துளைக்கு ஒன்றாக அடைப்பார். முன்பெல்லாம் ஒவ்வொரு உருண்டைக்கும் விரல் நீளத்துக்கு வால் விட்டிருப்பார். வாலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒருமுறை ஒரு ஆள், “அண்ணே, இங்க ஒரு கோடு விழுந்திருக்கே” என்று சொல்லிவிட்டான். வால் பட்ட இடம். மயிரிழைகூட இருக்காது. அந்த ஒரு சொல் இவருக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாளே எல்லா வாலையும் நறுக்கிவிட்டார்.

“வாலில்லாத எலி வளைக்குள்ள பூந்தா எதைப் புடிச்சு இழுப்பீங்க?” என்று கேட்டேன்.

“எண்ணிப் போடறேன், எண்ணி எடுக்கறேன். உனக்கென்ன?” என்றார்.

ஒரு வருடம் எண்ணினார். வாத்தியார் வந்த அன்று எண்ணவில்லை.

வாத்தியார் ஓய்வு பெற்றவர். இருபது வருடத்துப் பழைய காரை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்தார். மேல்மூடியைக் கருஞ்சிவப்பில் அடிக்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார். மலைமேல் இருக்கும் மகள் வீட்டுக்கு மனைவியோடு அந்தக் காரிலேயே போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூடியை வாங்க இரண்டு பேருமாக வந்தார்கள். அந்த அம்மா மூடியைக் கையில் வாங்கி, “இதைப் போயி பானெட்டுக்குள்ள மறைச்சு வைக்கணுமா? ஷோகேஸ்ல வைக்கலாம்” என்றார். இத்தனை வருடத்தில் இவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. மனுஷர் குளிர்ந்துபோனார். உருண்டைகளை எண்ணாமலே உருவிப் போட்டுவிட்டு, மூடியைப் புதுத் துணியில் சுற்றி, வாசல்வரை போய்க் கொடுத்து அனுப்பினார். மெக்கானிக் அன்றைக்கே மாட்டிவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் உருண்டைகளைக் கழுவி டப்பாவில் போட உட்கார்ந்தவர், ஆறு என்றார். மறுபடி எண்ணினார். ஆறுதான். ஏழு துளைக்கு ஆறு உருண்டை.

குளியலறையைத் தலைகீழாகப் புரட்டினோம். வடிகால் மூடியைக் கழற்றி நான் கையை விட்டுத் துழாவினேன். முடிதான் வந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மூடிக்கு உள்பக்கம் இன்னொரு தகடு இருக்கு. நடுவுல சந்து. அதுக்குள்ள உருண்டு போயிருந்தா மெக்கானிக் கண்ணுக்கும் தெரியாது.”

“போனா என்ன ஆகும்?”

“வண்டி குலுங்கக் குலுங்க கீழ எண்ணெய்ல விழும். ஊறி, நூல் நூலா பிரிஞ்சு, எண்ணெய் உறிஞ்சற சல்லடைய அடைக்கும். அப்புறம் எஞ்சின் இறுகி நின்னுரும். இன்னைக்கும் நிக்கலாம், ஆறு மாசம் கழிச்சும் நிக்கலாம்.”

மலைப்பாதை வளைவில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாத்தியாருக்குப் போன் போட்டார். மணி போனது, எடுக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், “அவங்க விடியறப்பவே கிளம்பிட்டாங்கண்ணே. ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டாரு. பைல போட்டு டிக்கில வச்சிருவாரு. அந்தம்மாகிட்ட போனே கிடையாது” என்றார். அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவராலும் ஒரு மண்ணும் செய்ய முடியவில்லை.

மாலையில் வாத்தியாரே அழைத்தார். “தம்பி, வந்து சேந்துட்டோம். வண்டி பட்டு மாதிரி வந்துச்சு.” இவர் விஷயத்தைச் சொன்னார். மறைக்கவில்லை, மென்று விழுங்கவும் இல்லை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “பகல் பூரா ஏறி வந்த வண்டி, இறங்கறப்ப நிக்குமா? உங்க பாத்ரூம்லதான் எங்கியாவது கிடக்கும், நல்லாத் தேடுங்க.” திறந்து பார்க்கச் சொல்லி இவர் எவ்வளவோ கெஞ்சினார். அவர் கேட்கவில்லை.

வெள்ளி முழுக்க இவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். ஒரு பாகத்தைக் கையில் எடுப்பார், கீழே வைப்பார். பெயின்ட் வாசனையே இல்லாமல் வீடு மருத்துவமனை மாதிரி இருந்தது. அந்த வாசனைக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இப்போது அது வந்தால் போதும் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் கடைக்குப் போன நேரத்தில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதே மஞ்சள் துண்டைக் கிழித்து ஒரு உருண்டை சுருட்டினேன். மிச்சமிருந்த கருஞ்சிவப்பை அதன் தலையில் பூசினேன். விசிறியால் விசிறி, அவன் அடுப்புச் சூட்டிலும் கொஞ்சம் காட்டி, குளியலறை வாளிக்குப் பின்னால், சுவரோரமாகச் சொருகிவைத்தேன். மதியம் வாளியை நகர்த்திக் கழுவுகிற மாதிரி பாவனை செய்து, “என்னங்க, இங்க வாங்க!” என்று கூவினேன்.

வந்தார். உருண்டையை எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் நின்றார். திரும்பி, “கிடைச்சிருச்சு. நல்ல வேளை” என்று சொல்லி டப்பாவில் போட்டார். சாயங்காலம் கொஞ்ச நேரம் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் தட்டை நீட்டி இரண்டாவது தடவை சோறு கேட்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள், நான் பொருந்தச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் மறுபடி உறுமியது.

இன்று திங்கட்கிழமை. காலையில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வாத்தியார்.

“தம்பி இல்லையாம்மா? ஒண்ணுமில்ல, இங்க மெக்கானிக் பத்து மணிக்கு வர்றதாச் சொன்னான், இப்ப மத்தியானம்தான் வருவேங்கறான். மழை வேற வரும்போல இருக்கு. அதான் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? “அது கிடைச்சிருச்சு சார்! சனிக்கிழமையே கிடைச்சிருச்சு. வாளிக்குப் பின்னாடி கிடந்துச்சு!”

“அப்பாடா! நான்தான் சொன்னேன்ல? அப்ப அவனை வர வேணாம்னு சொல்லிட்டு, மழைக்கு முன்னாடி இப்பவே இறங்கிடறோம்மா.”

அரை மணி கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். துண்டு அப்படியே தலைமேல் நின்றது. போய் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். என் உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கருஞ்சிவப்புத் தலையில், பிறை மாதிரி, ஒரு நகத்தின் தடம்.

“பத்து நாளைக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்ல நகம் பதியாதும்மா” என்றார்.

“தெரிஞ்சுதா? தெரிஞ்சா ஏங்க சொல்லல?”

“எனக்காகப் பண்ணியிருக்க. அதை எப்படிப் பொய்யுன்னு சொல்றது? அன்னைக்கு சாயங்காலம் மாடிக்குப் போயி மறுபடி அவர்கிட்ட கெஞ்சினேன். திங்கக்கிழமை ஒரு மெக்கானிக்கை வச்சுத் திறந்து பாக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த நிம்மதியிலதான் சாப்பிட்டேன்.”

இரண்டாவது தடவை கேட்ட சோறு என் உருண்டைக்காக இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. போனை எடுத்துப் போட்டார். மணி போனது.

இரண்டு மணி நேரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மகள் வீட்டு எண் எங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் இல்லை. டிக்கியில், பைக்குள், துணிகளுக்கு நடுவே அது அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் இருவரும் குளியலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவை அறுபடும்போதும் அவர் என்னிடம், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அதையேதான் சொல்கிறார்.

“ஓட்டும்போது எடுக்க மாட்டாரு. ரொம்ப கவனமான மனுஷன்.”

சொல்லிவிட்டு மறுபடி எண்ணை அழுத்துகிறார்.