பதினைந்து வயதுக் கோடு

அந்த வருடம் நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால் எதுவும் தெளிவாகிவிடும் என்று நம்புகிறவள் நான். இந்த விஷயத்தில் மட்டும் அப்படி ஆகவில்லை.

1. இடைநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்கு மக்கள்தொகைப் பாடம் தொடங்கினேன். கரும்பலகையில் மக்கள்தொகைப் பிரமிட் ஒன்றை வரைந்தேன்.

2. பிரமிட்டின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்று பதினைந்து வயதில், இன்னொன்று அறுபத்தைந்தில். முதல் கோட்டுக்குக் கீழேயும் இரண்டாவது கோட்டுக்கு மேலேயும் இருப்பவர்கள் சார்ந்திருப்போர். நடுவில் இருப்பவர்கள் உழைக்கும் வயதினர்.

3. அவரவர் வீட்டில் இருப்பவர்களை அதே மாதிரி வரைந்து வரச் சொன்னேன்.

4. பரமேஸ்வரி என்ற மாணவி ஒரு சந்தேகம் கேட்டாள். தங்கை சாந்திக்கு அடுத்த மாதம் பதினைந்து வயது நிறைகிறது. அவளைக் கோட்டுக்குக் கீழே போடுவதா, மேலே போடுவதா? பிறந்தநாள் வந்ததும் மேலே போட்டுவிடு என்றேன்.

5. சில வாரங்களில் பரமேஸ்வரி பள்ளியை விட்டு நிற்கப்போவதாகச் சொன்னாள்.

6. நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவள் நிற்கவில்லை.

7. சாந்தி நின்றாள்.

ஆறாவதிலிருந்து ஏழாவது எப்படி வந்தது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

பள்ளி

எண்பதுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகத்தில் புவியியலும் புள்ளிவிவரமும் படித்து, பயிற்சி முடித்து, ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் சேர்ந்த இரண்டாவது வருடம். புந்தோங்கிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பாடம் மலாய் மொழியில் நடக்கும். மணி அடித்ததும் தமிழ்ப் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி நின்று அதையே தமிழில் திரும்பக் கேட்பார்கள்.

வரைபடம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. நான்கு வண்ணச் சாக்பீஸ் இல்லாமல் வகுப்புக்குப் போகமாட்டேன். பக்கத்து மேசையில் இருந்த இப்ராஹிம் சார் சரித்திர ஆசிரியர். இரண்டாம் படிவத்தில் சாந்தி இருந்த வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அவர்தான். அவர் அடிக்கடி கிண்டல் செய்வார்: "உங்களுக்கு என்ன டீச்சர், உயிரோட இருக்குற ஆளுங்கள கட்டம் போட்டு அடைச்சிட்டா வேலை முடிஞ்சிது. நான்தான் செத்தவங்களோட மாரடிக்கிறேன்."

பரமேஸ்வரி குடும்பம் இருந்தது தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றுவிட்டார்கள். பால் மரங்களை வெட்டிச் சாய்க்கும் வேலை தொடங்கிவிட்டது. வேலை போனால், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீடும் போய்விடும். அவள் அப்பாவுக்குச் சுங்காய் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே கணக்குப் பார்க்கும் கிராணியார் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். அதை அவள் என்னிடம் கூட்டல் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"செக்ரோல்ல மூணு பேரு இருந்தா தனி வீடு டீச்சர். ரெண்டு பேருன்னா பாதி வீடு, நடுவுல பலகை அடிச்சி அந்தப் பக்கம் வேற குடும்பம். அப்பா, அம்மா, நானு. மூணு."

செக்ரோல் என்பது தோட்டத்தின் வேலைப் பதிவு. அதில் பெயர் இருப்பவர்தான் தோட்டத்துக்கு ஆள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவள் வகுப்பில் முதல் மாணவி அல்ல. ஆனால் தேறிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

தோட்டம்

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிறேன் என்று ஈப்போவில் யாரிடமும் சொல்ல முடியாது. மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். இப்ராஹிம் சார், "திரும்ப விடுவாங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க," என்றார்.

லயத்தில் பாதி வீடுகள் காலியாகி, தகரக் கூரையையும் கழற்றியிருந்தார்கள். பரமேஸ்வரியின் அப்பா ராமையா என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் பலகையில் உட்கார்ந்தார். நான் ஒரு தாளில் நான்கு காரணங்கள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பரீட்சை நெருங்கிவிட்டது. சான்றிதழ் இருந்தால் தாதிப் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ மனுப் போடலாம். இப்போது நின்றால் பிறகு தனியாக எழுதுவது கடினம். இதுவரை படித்த வருடங்கள் வீணாகும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாலும் சரிதான் டீச்சரம்மா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நாங்க சுங்காய் போயிட்டா புள்ள எங்க தங்கும்?"

என் தாளில் அது இல்லை.

புந்தோங்கில் அவருடைய அக்கா இருக்கிறாரே என்றேன். பரமேஸ்வரியின் அம்மா அஞ்சலை வாசலில் நின்றபடி சிரித்தார். "அங்க ஒரு மகனும் இருக்கான் டீச்சர், மோட்டார் சைக்கிள்ல சுத்திக்கிட்டு. விட்டோம்னா பரீட்சைக்கு முந்தியே கல்யாணப் பத்திரிக்கை அடிச்சிருவாங்க."

"அந்த மோட்டார்காரனக் கட்டுறதுக்கு நான் செம்பனையே பொறுக்கிருவேன்," என்று உள்ளேயிருந்து பரமேஸ்வரியின் குரல் வந்தது.

அப்போதுதான் நான் யோசிக்காமல் சொன்னேன், என்னோடு தங்கட்டும் என்று. ஈப்போவில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு தாதியோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தேன். கூடத்தில் இடம் இருந்தது. ராமையா, நான் ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாகப் பிள்ளை சொன்னதே என்றார். உண்மைதான். என் பெற்றோர் சுங்கைப் பட்டாணியில் இருந்தார்கள். அங்கே போக மனுப் போட்டிருந்தேன். பரீட்சை முடியும்வரை போகமாட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப மூணாவது பேரு?" என்றார் அஞ்சலை.

"அத நான் பாத்துக்கிறேன் லா," என்றார் ராமையா.

கிராணியாரிடம் பேசிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். சாந்திதான் எனக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் பள்ளிப் பிள்ளைதான், ஆனால் நான் அவளுக்குப் பாடம் எடுத்ததில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் பழகுவதற்கான ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் இருந்தவள், அதனால் வகுப்பில் மற்றவர்களைவிட வயது கூட. கோப்பி நன்றாக இருக்கிறது என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது.

மூன்றாவது பெயர்

குடும்பம் சுங்காய்க்குப் போனது. பரமேஸ்வரி பாயோடும் ஒரு பெட்டியோடும் எங்கள் கூடத்துக்கு வந்தாள். நன்றாகப் படித்தாள். வீட்டைப் பற்றிப் பேசமாட்டாள். புது இடத்தின் கூச்சம் என்று விட்டுவிட்டேன். தங்கையும் அங்கே ஏதோ பள்ளியில் சேர்ந்திருப்பாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் இப்ராஹிம் சார் கேட்டார்: "பரமேஸ்வரி தங்கச்சி எந்த ஸ்கூலுக்குப் போயிருக்கு? அப்பா வந்து மாத்தல் கடிதம் வாங்கிட்டுப் போனாரு. இன்னும் எந்த ஸ்கூல்லேருந்தும் அதோட பைலக் கேட்டு எழுதல. சரித்திரத்துல முதல் மார்க் எடுக்குற புள்ள."

அன்று சாயங்காலம் பரமேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தி எந்த ஸ்கூல்ல சேந்திருக்கு?"

"சேரல டீச்சர்."

"ஏன்?"

"அவதான் மூணாவது பேரு."

துணியை மடித்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். நான் வந்துபோன பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. சாந்தி சின்னப் பிள்ளை, வேலைக்கு விடமாட்டேன் என்று அம்மா. பதினைந்து முடிந்த பிள்ளை என்ன சின்னப் பிள்ளை என்று அப்பா. இருவரும் ஒரு முடிவுக்கு வராமல், படித்தவள் என்று பரமேஸ்வரியையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"நம்ம பாடத்துல பதினஞ்சுலேருந்து உழைக்கிற வயசுன்னு இருக்குன்னு சொன்னேன் டீச்சர். அதுக்கப்புறம் அம்மா ஒண்ணும் பேசல."

"அது நாட்டுக் கணக்குக்குப் போட்ட கோடு, பரமேஸ்வரி. யாரு வேலைக்குப் போகணும்னு சொல்ற கோடு இல்ல."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "எனக்குப் பரீட்சை எழுதணும் டீச்சர்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்றாள். அனுப்பியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் செய்யக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பரமேஸ்வரியை அனுப்பிவிட்டுச் சாந்தியைத் திரும்பக் கொண்டுவருவது. இருவரையும் என்னோடு வைத்துக்கொள்வது. இப்படியே விட்டுவிடுவது. முதலாவதில் ஒருத்தியின் பரீட்சை போனது. இரண்டாவதில் அவர்கள் வீடு பாதியானது. மூன்றாவதில் நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்பதே என்னை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமையா மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார். சாந்தியும் கூட வந்தாள். உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்குகிறாளாம். விரல்களில் முள் குத்திய கறுப்புப் புள்ளிகள். முன்பைவிடச் சத்தமாகப் பேசினாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எப்படி நடப்பார் என்று கூடத்தில் நடந்து காட்டினாள். தாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அக்காவின் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "ஏய், நான் வெயில்ல காயுறேன். நீ மட்டும் இதுல பெயிலானே, சுங்காய் பக்கம் வந்துராத," என்றாள். பரமேஸ்வரி அவளைத் தலையணையால் அடித்தாள்.

ராமையா குளிக்கப் போனபோது சாந்தியைத் தனியே கூப்பிட்டேன். நீயும் இங்கே வந்து இரு, பள்ளியில் நான் பேசுகிறேன் என்றேன்.

"நான் வந்துட்டா நடுவுல பலகை அடிச்சிருவாங்க டீச்சர்." அதோடு நிறுத்தவில்லை. "அங்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. கதவு இருக்கு, கொண்டி இருக்கு. பாவம், இவளுக்குப் பாய்தான்."

அவள் முகத்தையே பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தாள். எனக்காக அப்படி இருந்தாளா, அக்காவுக்காகவா, உண்மையாகவே அப்படியா என்று பிரிக்கத் தெரியவில்லை. படிப்பு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடிக்கும் என்றாள். பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு பரமேஸ்வரிக்குப் படிப்பு ஓடவில்லை. பரீட்சை நெருங்கிய வாரத்தில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

"நான் போயி என் பேரக் குடுக்குறேன். அவ வந்துறட்டும். அவளுக்கு என்னவிட நல்லாப் படிப்பு வரும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், நான் போறேன்."

சாந்தி அந்த வருடப் பாடத்தில் பாதியை விட்டிருந்தாள். இப்போது வந்தாலும் அந்த வருடம் போனதுதான். அடுத்த வருடம் வரலாம். பரமேஸ்வரிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. இதெல்லாம் நான் பிறகு கோத்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது ஒரு வார்த்தைதான்.

"எழுதிட்டுப் போ."

எழுதினாள். புவியியல் தாள் முடிந்து வெளியே வந்தபோது, "பிரமிட் வந்துச்சு டீச்சர்," என்றாள்.

"போட்டியா?"

"போட்டேன். கோடும் போட்டேன்."

கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் சுங்காய் பஸ் ஏறினாள். தங்கையின் இடத்தில் தன் பெயரைக் கொடுக்கப் போனாள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இவள் பெயரையும் எழுதிக்கொண்டார்களாம், சாந்தியின் பெயரையும் எடுக்கவில்லையாம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி இரண்டாம் படிவம் படிக்கமாட்டேன் என்று சாந்தி சொல்லிவிட்டாளாம். வீட்டில் இப்போது நான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். என்ன தொனியில் எழுதினாள் என்பதை அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போதைய நிலை

இதில் கற்ற பாடம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு மாணவிக்காக அவள் வீட்டுக்குப் போனால், உட்கார்ந்ததும் அந்த வீட்டில் இன்னும் யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்குமா என்று கேட்காதீர்கள்.

எனக்கு மாற்றல் கிடைத்தது. சுங்கைப் பட்டாணியில் அதே பாடத்தை நடத்துகிறேன். கோட்டைப் போடாமல் பிரமிட்டை விளக்க முடியாது, அதனால் போடுகிறேன். போட்டதும், இது எண்ணுவதற்காக மட்டும், உங்கள் வீட்டில் யாருக்கும் இது பொருந்தாது என்று சொல்கிறேன். பிள்ளைகள் அதையும் குறித்துக்கொண்டு, இது பரீட்சைக்கு வருமா டீச்சர் என்று கேட்கிறார்கள்.

பரமேஸ்வரி தேறினாள். ஈப்போவில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள். ராமையா குடும்பத்துக்குச் சுங்காயில் தனி வீடு இருக்கிறது. சாந்தியும் அங்கேதான் இருக்கிறாள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். பள்ளிக்குத் திரும்பவில்லை.