வழிமொழிந்த கை

தவரத்தினம் அண்ணையைப் பார்த்தால், இவர்தான் ஒரு சர்வாதிகாரியை ஏற்றி வைத்தவர், இவர்தான் இறக்கியும் விட்டவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். பாரிசின் லா சப்பல் மெத்ரோ நிலையத்தடியில் நின்றால் அவரைப் போல நூறு பேர் போவார்கள். கறுப்புக் குளிர்ச்சட்டை, காதை மூடிய தொப்பி, தோளில் ஒரு பை. பைக்குள் மனைவி இந்திராதேவி கட்டிக் கொடுத்த சோறு. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. வெள்ளைக்காரனுக்கு விதம்விதமாகச் சமைப்பார், தான் வாயில் வைக்கமாட்டார். நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்தக் கதைக்கு அந்த முழங்கால்கள் முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆலடித்துறை. பாரிசில் இருக்கும் ஊர்க்காரருக்கு ஒரு சங்கம் உண்டு, ஆலடித்துறை மக்கள் ஒன்றியம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் உதயன், ரூ பெர்தொனே தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். உதயனும் தவரத்தினமும் ஒன்றாக வந்தவர்கள். ரூ பிலிப்-து-ஜிராரில் ஓர் அறை எடுத்து, ஒரே போர்வைக்குள் முதல் குளிரைத் தாண்டியவர்கள். பாப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், இல்லாத காலத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் இருவருக்கும் சாப்பாடு.

சங்கத்துக்கு யாப்பு என்று சட்டதிட்டம் எழுதியபோது உதயன் அடம்பிடித்து ஒரு விதியைச் சேர்த்தார். தலைவரை யாரும் முன்மொழியலாம். ஆனால் வழிமொழிகிறவர் எந்தப் பதவியும் இல்லாத சாதாரண அங்கத்தவராக இருக்க வேண்டும். நிர்வாகம் தனக்குத் தானே முடிசூட்டிக்கொள்ளக் கூடாதாம். எல்லாரும் சிரித்துவிட்டுச் சரி என்றார்கள்.

பிறகு வந்தது கரப்பந்தாட்டக் கிண்ணச் சண்டை. கிண்ணம் எந்த அணிக்கு என்று தொடங்கி, சங்கம் இரண்டாகி, ஆண்டுவிழா நின்றுபோய், ஒரு கூட்டத்தில் கதிரைகள் பறந்தன. எல்லாரும் களைத்துப்போயிருந்தபோதுதான் இராஜேந்திரன் எழும்பிப் பேசினார். வெள்ளை வெளேரென்று சேட்டு, மைக் தேவைப்படாத குரல்.

"எங்களிட்டை எல்லாம் இருக்கு. இல்லாதது ஒண்டுதான், ஒழுங்கு," என்றார்.

கூடம் அதிர்ந்தது. அவரையே தலைவராகப் போடலாம் என்று யாரோ முன்மொழிந்தார்கள். வழிமொழிய வேண்டும். அப்போது எங்கள் ஆட்களுக்கே உரிய அந்த மௌனம் வந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தோம். முன்வரிசையில் ஒருவர் மட்டும் இருந்தார். எங்கள் கூட்டங்களில் முன்வரிசை எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். தவரத்தினம் அண்ணை வேலையால் நேரே வந்தவர், காலை நீட்ட இடம் வேண்டுமென்று அங்கே போய் இருந்துவிட்டார். வீடு இருக்கும் திரான்சிக்குப் போகும் ரயிலை விட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. கையைத் தூக்கினார்.

"நான் வழிமொழியிறன். கெதியாய் முடியுங்கோ."

இராஜேந்திரனின் ஆட்சி இப்படித்தான் பிறந்தது, இரண்டு முழங்கால்களாலும் ஒரு ரயிலாலும்.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுவிழா நேரத்துக்குத் தொடங்கியது. எங்கள் சரித்திரத்தில் அது நடந்ததே இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்கியது. இராஜேந்திரன் ராசி, சகுனம் எல்லாம் பார்க்கிற ஆள். "தவம் அண்ணையின்ரை கை ராசியான கை," என்று சொல்லி, அடுத்த தேர்தலுக்கும் அவரையே முன்கதிரையில் இருத்தினார். அதற்கடுத்ததற்கும் அப்படியே. அது ஒரு சடங்காகிவிட்டது.

பிறகு கறுப்புச் சேட்டுகள் வந்தன. 'ஒழுங்கு அணி' என்று பெயர். நெஞ்சில் ஆலிலைச் சின்னம், தலைவர் உள்ளே வரும்போது எல்லாரும் எழும்பி நெஞ்சில் கை வைக்க வேண்டும். 'ஒரே ஊர், ஒரே குரல், ஒரே தலைவர்' என்று சொல்ல வேண்டும். சுவரில் அவர் படம் வந்தது. நாட்காட்டியிலும் வந்தது. மேலே இராஜேந்திரன், கீழே பிள்ளையார்.

ஒழுங்கைக் காப்பதென்றால் ஓர் எதிரி வேண்டுமல்லவா? பாரிசில் எங்களோடு புழங்கிய புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்கள் அகப்பட்டன. அவர்களால் நம் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போகிறதாம், அவர்கள் இரத்தம் நம் இரத்தத்தில் கலக்கக் கூடாதாம். கபிரியேல் ஐயாவின் பேத்தி ஆனைஸை வகுப்பு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கபிரியேல் ஐயா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களில் பாதிப்பேருக்கு விசா கொடுக்கும் பிரெபெக்சர் கந்தோரில் பக்கத்தில் நின்று பிரெஞ்சு பேசிக் கொடுத்தவர். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் என்று கேட்டவர்கள் துரோகிகள் ஆனார்கள். துரோகியின் பெயர் மைக்கில் வாசிக்கப்படும். அடுத்த நாளே அவருடைய நன்மை தின்மைக்கு ஒருவரும் போகமாட்டார்கள். கூட்டத்தில் கை தூக்குகிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிற்று. கைகள் மடியில் கிடந்தன.

ஆமாம் போட்டவர்களுக்குப் பதவி கிடைத்தது. பதவியென்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். உப தலைவர், இணை உப தலைவர், பிராந்திய இணைப்பாளர், இணைப்பாளர்களின் இணைப்பாளர், கோடைகால ஒன்றுகூடல் நிழற்குடைப் பொறுப்பாளர். சட்டைப்பைக்குள் பெயர் அட்டை இல்லாத விசுவாசி ஒருவரும் இல்லை. தவரத்தினம் அண்ணைக்கு மட்டும் ஒன்றுமில்லை. ராசியான கை சாதாரண கையாகவே இருக்க வேண்டுமே.

இந்த ஆட்டமெல்லாம் உதயன் கடை வாசலில்தான் தடுக்கி விழுந்தது. கபிரியேல் ஐயா அங்கே வழக்கம் போலத் தேத்தண்ணி குடித்தார். தலைவரின் நாட்காட்டி குசினியில் வெங்காய மூட்டைக்கு மேலே தொங்கியது. இராஜேந்திரன் கறுப்புச் சேட்டுகளோடு நேரில் வந்து விசாரித்தார்.

"என்ரை கடையிலை ஆர் தேத்தண்ணி குடிக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன். நீரும் இருந்து குடியும், வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றார் உதயன்.

அடுத்த கூட்டத்தில் அவர் பெயர் மைக்கில் வந்தது. கறுப்புச் சேட்டு இருவர் கடைக்கு எதிரே நிற்கத் தொடங்கினார்கள். சும்மாதான் நின்றார்கள். ஆனால் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று, கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ் காய்ந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கே தேத்தண்ணி குடித்த தவரத்தினம் அண்ணை, தலையைக் குனிந்துகொண்டு எதிர் நடைபாதையால் போகத் தொடங்கினார். உதயன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார், கூப்பிடவில்லை.

இந்திராதேவி அக்கா மட்டும் நேரே கடைக்குப் போனார், நேரே வந்தார். கறுப்புச் சேட்டுகளைப் பார்த்து, "என்ன தம்பியவை, குளிருதோ?" என்றும் கேட்பார். அவரிடம்தான் உதயன் சொன்னார், இந்தமுறையும் அந்த ஆள் தலைவராக வந்தால் தான் கடையைப் பூட்டிவிட்டு லியோன் நகரத்துக்குப் போவதாக. இந்த முறை சும்மா தலைவர் பதவியும் அல்ல. 'வாழ்நாள் தலைவர்' என்று பதாகையே அச்சடித்துவிட்டார்கள்.

கூட்டத்தன்று காலை திரான்சி வீட்டில் அக்கா அண்ணையின் சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கும் கை தூக்கப் போறியளோ?"

"தூக்காட்டி என்ரை பேரும் மைக்கிலை வரும்."

"வரட்டும். ஒரே போர்வைக்குள்ளை படுத்தவன்ரை கடையைத் தாண்டி எதிர்ப்பக்கத்தாலை போறியளே, அதைவிட என்ன வரப்போகுது?"

அக்கா சேட்டை நீட்டினார்.

"உங்கடை கையாலை ஏறின ஆள். உங்கடை கையாலைதான் இறங்கோணும்."

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் பதாகை, பூமாலை, நிர்வாகிகளுக்கு இடம் போதாமல் இரண்டு வரிசைக் கதிரை. இராஜேந்திரன் வெள்ளைச் சேட்டில் கைகூப்பியபடி வந்தார். எல்லோரும் எழும்பி நெஞ்சில் கை வைத்தோம். முன்மொழிவு முடிந்தது. செயலாளர் புன்சிரிப்போடு முன்கதிரையைப் பார்த்தார்.

"வழிமொழிபவர்?"

தவரத்தினம் அண்ணை கால்களை நீட்டிக்கொண்டிருந்தார். கைகளை மார்பில் கட்டியிருந்தார்.

செயலாளர் திரும்பவும் கேட்டார். இராஜேந்திரன் குனிந்து, "தவம் அண்ணை, கை," என்றார், பிள்ளைக்குச் சொல்வது போல.

"முழங்கால்தான் ஏலாது எண்டு நினைச்சனான். இண்டைக்குக் கையும் ஏலாமல் கிடக்கு," என்றார் அண்ணை.

இராஜேந்திரன் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். யாராவது ஒருவர் கை தூக்கினால் போதும். ஆனால் அந்தக் கைகளை மடியில் வைத்திருக்கப் பழக்கியவரே அவர்தானே. அத்தனை பேரும் அசையாமல் இருந்தோம். இத்தனை வருடமும் பயத்தில் செய்ததைத்தான் அன்றும் செய்தோம். அதுவே போதுமாக இருந்தது.

ஒழுங்கு அணி றொனால்ட் சட்டென்று கை தூக்கினான். பெண்கள் பக்கமிருந்து இந்திராதேவி அக்காவின் குரல் வந்தது.

"தம்பி றொனால்ட், நீர் அணிப் பொறுப்பாளர். விதிப்படி கையை இறக்கும்!"

இன்னொரு கை எழுந்தது. "நீங்கள் இணை உப தலைவர்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னொன்று எழுந்தது. "நிழற்குடைப் பொறுப்பாளர்!" என்று இம்முறை பாதிக்கூடம் சேர்ந்து கத்தியது. மேடைக்கு மேலேயும் கீழேயும் விசுவாசிகள் எழும்ப எழும்ப, நாங்கள் அவரவர் பதவியைச் சொல்லிச் சொல்லி இருத்தினோம்.

இராஜேந்திரனுக்கு வியர்த்தது. "சரி, றொனால்டை இப்பவே பதவியிலை இருந்து நீக்கிறன். அவன் சாதாரண அங்கத்தவன். அவன் வழிமொழியட்டும்!"

"என்னையோ? நான் என்ன பிழை விட்டனான்?" றொனால்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "நிழற்குடைக்காரரை நீக்குங்கோ!"

"ஏன், எனக்கென்ன மரியாதை இல்லையோ?" என்று நிழற்குடைக்காரர் எழும்பினார். "இணை உப தலைவர் என்னத்தைக் கிழிச்சவர்? அவரை நீக்குங்கோ!"

தலைவருக்காக உயிரையும் கொடுப்போம் என்று சத்தியம் செய்தவர்களில், பெயர் அட்டையைக் கொடுக்க ஒருவர் இல்லை. அவர்கள் மேடையிலேயே ஒருவரையொருவர் பிடித்துத் தள்ள, வாழ்நாள் பதாகையின் ஒரு பக்கம் கழன்று இராஜேந்திரனின் தலையில் விழுந்தது. முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த மனிதரைப் பார்த்து நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதற்குப் பிறகு யாருக்கும் பயம் வரவே இல்லை. அவர் மைக்கை எடுத்து ஏதோ சொன்னார். அந்தப் பெரிய குரல் எங்கள் சிரிப்புக்குள் கேட்கவில்லை. மாலையை மேசையில் போட்டுவிட்டுப் பின்கதவால் போனார்.

அப்படியே வெளியே வந்தோம். எங்கே போவது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. தவரத்தினம் அண்ணை நொண்டி நொண்டி முன்னால் நடந்தார், ஊரே பின்னால் போனது. ரூ பெர்தொனேயில் எதிர் நடைபாதையில் நின்ற கறுப்புச் சேட்டு இருவரும் கூட்டத்தைக் கண்டதும் குளிர்ச்சட்டையின் சிப்பை மேலே இழுத்துச் சின்னத்தை மூடிக்கொண்டார்கள். உள்ளே கபிரியேல் ஐயாவும் ஆனைஸும் மட்டும் இருந்தார்கள். சனத்தைப் பார்த்து ஐயா எழும்பப் போனார். இந்திராதேவி அக்கா அவர் தோளைப் பிடித்து இருத்தினார்.

தவரத்தினம் அண்ணை கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். கண் கலங்கிப்போயிருந்தது. உதயன் அவரைப் பார்த்தார், பிறகு வாசல்வரை நின்ற சனத்தைப் பார்த்தார். பெரிய கேத்தலை அடுப்பில் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரி, சரி. ஆராருக்குத் தேத்தண்ணி?"

தவரத்தினம் அண்ணை கையைத் தூக்கினார்.