‘ஆய்’ என்றால் ஆமாம்

எங்கள் ஆயாக் கொட்டகையில் அந்த வருடம் ஒரு குழந்தை ‘ஆய்’ என்று கத்தினால், தூக்கிக்கொண்டு ஓடுவதா, முதுகில் தட்டிக்கொடுப்பதா என்று எனக்கே தெரியாது. ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பினாங்கை அடுத்த கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில், எங்களுக்கு இது பிழைப்பு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் இடுப்பு வளையக் குனிந்து ‘ஹாய்’ என்று பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பாஷையில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளின் வாயில் ‘ஹ’ நிற்காது, ‘ஆய்’ என்றுதான் வரும். எண்ணச் சொன்னால் இச்சி, நி, சான் வரை ஒழுங்காகப் போவார்கள். அடுத்து நாலுக்கு ‘சி’. அதைச் சொல்லும்போது எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் அதட்டுவேன், பிறகு நானும் சிரித்துவிடுவேன். அந்த நாட்களில் சிரிப்பதற்கு எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். வந்த இடத்தில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். காலில் ஆறாத புண்ணோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போக முடியாத என்னைக் கொட்டகையில் ஆயாவாகப் போட்டார்கள். தாய்மார்கள் வேலைக்குப் போகும்முன் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரத் துரை இருந்தவரை கைக்குழந்தைகளுக்கு டின் பால் வந்துகொண்டிருந்தது. துரை ஓடிப்போனான், பாலும் அவனோடு போயிற்று. ரப்பர் மரத்தைச் சீந்துவாரில்லை. பெண்கள் மரவள்ளி நடப் போனார்கள். பிள்ளைகளுக்குக் காலையிலும் மரவள்ளிக் கஞ்சி, மத்தியானமும் அதே கஞ்சி. பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதே இல்லை. அந்த நேரத்தில்தான் மூடிக்கிடந்த தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போவதாகவும், அங்கே சேரும் பிள்ளைக்கு மத்தியானம் ஒரு தேங்காய்ச் சிரட்டை அரிசிச் சோறு கிடைக்கும் என்றும் சேதி வந்தது. கொட்டகைப் பிள்ளைக்குச் சோறு கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்செய்து அனுப்ப வேண்டியவள் நான் என்று, அன்றிலிருந்து தாய்மார்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

என்னை என் அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்த்தது விஜயதசமியன்று. ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார். எழுதி முடித்ததும் அந்த அரிசியை அம்மா கோழிகளுக்கு வீசிவிட்டாள். கொட்டகையில் பிள்ளைகளைக் குனியச் சொல்லிப் பழக்கும்போதெல்லாம் அரிசி கொத்தக் குனிந்த அந்தக் கோழிகள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வரும். அம்மாமேல் கோபம்கூட வரும். அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

பிள்ளைகளில் ராசாத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவள் அப்பன் வீரனை, ரயில் ரோடு போட என்று சொல்லி, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். போனவன் போனவன்தான். ராசாத்திக்கு வயது ஏழு. பார்த்தால் நாலு சொல்லலாம். கஞ்சி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடும். அவள் அம்மா முனியம்மா தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“அக்கா, எப்படியாச்சும் இத பள்ளிக்கூடத்துல தள்ளிவிடுங்க. கெழங்கு இது வயித்துல தங்க மாட்டேங்குதுலா. ஒரு வாய் சோறு கெடச்சா பொழச்சுக்கும்.”

பள்ளிக்கூட வயதைப் பார்ப்பதற்கு வாத்தியாரிடம் ஊர் வழக்கம்தான் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். காது எட்டினால் பள்ளிக்கூடம், எட்டாவிட்டால் கொட்டகை. நல்லபடியாகச் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைக்கு ஏற்பட்ட கணக்கு அது. பட்டினியில் வளர்ச்சி நின்றுபோன பிள்ளைக்கு எப்படி எட்டும்? தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தொடுவதற்கு நான் ராசாத்திக்குத் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

சேர்க்கிற நாளில் ஒரு ஜப்பான் அதிகாரியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். ராசாத்தி முறை வந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே தலையைச் சாய்த்தாள்.

“நேரா நில்லும்மா,” என்று வாத்தியார் அவள் தலையை நிமிர்த்தினார். விரல் பாதித் தலையிலேயே நின்றுவிட்டது. “எட்டலயே. அடுத்த வருசம் பாப்போம்.”

“அடுத்த வருசம் வரைக்கும் பிள்ள இருக்கணும்லா சார்,” என்றாள் முனியம்மா.

எதற்குத் தாமதம் என்று கேட்டானோ என்னவோ, அதிகாரி ராசாத்தியைப் பார்த்து ஏதோ உறுமினான். ஒருவருக்கும் புரியவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வளையக் குனிந்தாள். பயத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வராத ‘ஹ’ அன்றைக்கு வந்தது.

“ஹாய்!”

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. “யோரோஷி” என்றான். நல்லது என்று அர்த்தம். கையிலிருந்த பிரம்பால், சேர்த்துக்கொண்ட பிள்ளைகளின் வரிசையைக் காட்டினான். தூக்கிக்கொண்டு ஓட நான் ஓரடி எடுத்து வைத்தேன். “அசையாதீங்கம்மா,” என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவன் எழுந்து போகும்வரை ராசாத்தி குனிந்தே இருந்தாள். அவள் காலில் வழிந்தது. அத்தனை பிள்ளைகள் நின்றும் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் கழுவிவிட்டபோது தேம்பித் தேம்பி அழுதாள். “நான்தான் ஆய்னு சொன்னேன்ல ஆயா, ஏன் தூக்கல?” என்று கேட்டாள். “நீ இனிமே பள்ளிக்கூடத்துப் பிள்ளடி,” என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். முனியம்மா பக்கத்தில் நின்று அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே முடிந்திருக்காது.

முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனியவைத்தார்கள். ராசாத்தி எல்லாரையும்விட அழகாகக் குனிந்தாள். நிமிர்ந்ததும் ஓடிவந்து என் முந்தானையை இழுத்தாள்.

“ஆயா, சயாம் எந்தப் பக்கம்?”

வடக்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் காலைச் சேர்த்து வைத்து இன்னொரு தடவை குனிந்தாள். “ஹாய்” என்று மெதுவாகச் சொன்னாள், அப்பன் கூப்பிட்டதுபோல.

“ஒங்க ஊரு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் பிறகு.

உங்க ஊர் என்றாள். அவள் இங்கே பிறந்தவள், வேறென்ன சொல்வாள்? மேற்கே, பினாங்குக்கும் அப்பால் என்று காட்டினேன்.

“அங்க எனக்கு யாரும் இல்லலா,” என்றவள் சிரட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நான் கொஞ்ச நேரம் மேற்கே பார்த்து நின்றேன். அம்மா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. கப்பல் நின்று, கடிதம் நின்று வெகுநாளாகிவிட்டது. குனியலாமா என்று தோன்றியது. அதற்குள் கொட்டகையிலிருந்து ஒரு குழந்தை ‘ஆயா’ என்று கூப்பிட்டது. கொட்டகை கிழக்கே இருந்தது. கிழக்கே நடந்தேன்.