ஒட்டாத கறுப்பு

வேனின் அலுமினிய ஜன்னல் சட்டங்களுக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன் என்று ஏன் சொன்னேனோ, இப்போதும் பிடிபடவில்லை. என் கணவர் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து வாங்கிய பழைய வேன் அது. பல வருடம் சீசனுக்கு வருகிறவர்களைக் குற்றாலத்து அருவிகளுக்கு ஏற்றி இறக்கிய வண்டி. இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து, குடும்பமாகத் தங்கிப் போகிற வண்டியாக வாடகைக்கு விடுவது திட்டம். முதல் குடும்பம் சனிக்கிழமை மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காமல் போனால் அவர் திரும்பவும் சென்னைக்குப் போவார். என் மகள் திரும்பவும் அப்பாவை ஃபோனில்தான் பார்ப்பாள்.

தென்காசியில் பெயிண்ட் கடை அண்ணாச்சி, "மொதல்ல தின்னர் போட்டுத் தொடைங்கம்மா. அப்புறம் உப்புத்தாளு, அப்புறம் பிரைமர்" என்றார். மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் தின்னர் நெடி தலைக்கு ஏறியது. மகள் இன்னும் பால் குடிக்கிறவள். பயந்து மூடி வைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். உப்புத்தாளால் தோள் வலிக்கத் தேய்த்தேன். பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்பு அடித்தேன்.

மறுநாள் நகம் பட்டதும் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. ஆனால் கீழ்ச் சட்டத்தில் மட்டும். மேல் சட்டத்தில் கல்போல ஒட்டியிருந்தது. ஒரே டப்பா, ஒரே கை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சாரல்ல காயலட்டி" என்றார் கணவர். கொஞ்ச நேரம் கழித்து, "பிரைமர் மட்டமோ?" என்று அவரே கேட்டார். அவர் அம்மா, என் அத்தை, வந்து எட்டிப் பார்த்தார். "கோலம்கூட ஒரு பொழுது நிக்கும். இது என்னட்டி, தொட்டா வருது?"

வியாழக்கிழமை எல்லாவற்றையும் சுரண்டிக்கொண்டிருந்தபோது சாரல் விழுந்தது. மேல் சட்டத்தில் தண்ணீர் பரவியது. கீழ்ச் சட்டத்தில் மட்டும் துளிகள் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றன. அத்தை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எண்ணெய் தேய்த்த அவள் தலையிலும் அதே உருண்டைகள்.

"எண்ணெய்ங்க" என்றேன்.

"ஜன்னலுக்கு எவன்டி எண்ணெ தேச்சான்?"

"அருவிக்குப் போனவங்க எல்லாரும்."

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனவர்கள் முழங்கை ஊன்றிய இடம் அந்தக் கீழ்ச் சட்டம். எண்ணெயை எடுக்காமல் உப்புத்தாளால் தேய்த்து இன்னும் நன்றாகப் பூசிவிட்டேனோ? தின்னரை எடுத்தேன், மகளைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். வெந்நீரிலும் பாத்திரம் கழுவுகிற சோப்பிலும், தண்ணீர் பரவும்வரை கழுவினேன். அது போதுமா என்று யாரைக் கேட்பது? தார்ப்பாய் கட்டி மறுபடி அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை, பெயிண்ட் பிடித்துவிட்டதா என்று பார்க்க, வீடியோவில் பார்த்தபடி ஒவ்வொரு சட்டத்திலும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். பெயிண்ட் நின்றது. கடைசி ஜன்னலில் ஒட்டினேன். இழுக்கக் கை வரவில்லை.

"பிச்சுப் பாரேன்" என்றார் கணவர்.

"பெயிண்டும் சேந்து வந்துட்டா?"

"வந்தா தெரிஞ்சிரும்லா."

"தெரிஞ்சு என்ன செய்ய? விடிஞ்சா வந்துருவாங்களே."

"அப்போ விடு."

"விட்டுட்டு, அவங்க முன்னால உரிஞ்சா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் மதுரைப் பெண் ஜன்னல்களைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். "இதென்னங்க டேப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "அது இருக்கட்டும் மேடம், எடுக்காதீங்க" என்றார். ஏதோ வாடகை விதி போலிருக்கிறது என்று அந்தப் பெண்ணும் தலையாட்டினார். அவர் கணவர் ஓட்ட, வேன் குற்றாலம் ரோட்டில் திரும்பிப் போனது.

அன்று முழுக்க ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கேட்டால் சந்தேகப்படுவார்கள். கேட்காவிட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள். இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கணவர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "தாராளமா" என்றார். டேப்பைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. உரியவில்லை என்பதாலா, உரிந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.