கண்ணாடி அறையில் இன்னொரு குரல்

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை மொழிபெயர்த்துத் தன் வாயால் பேசுவதுதான் அவள் பிழைப்பு. மேடையில் ஒருவர் 'என் கால் போயிற்று' என்றால், இவளும் சபைக்குத் தெரிந்த மொழியில் 'என் கால் போயிற்று' என்றே சொல்ல வேண்டும். 'அவர் கால்' என்று சொன்னால் தொழில் தெரியாதவள். இப்படி யார் யாருக்கோ 'நான்' ஆகிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் கணவன் வம்புக்கு இழுப்பான்: "இன்னிக்கு யாரு வந்திருக்கீங்க? மந்திரியா, டாக்டரா? உள்ள என் பொண்டாட்டி இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்க."

சிரித்து மழுப்புவாள். தன் சொந்தக் கதையை மட்டும் அவள் வெளியே பேசியதே இல்லை. இன்சுலினுக்குத் தட்டுப்பாடு வந்த ஒரு கோடையில், இவள் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, வீட்டில் தனியே கிடந்து உயிர்விட்டவள் இவளுடைய தங்கை.

ஒரு நாள் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியிருந்த சபையில் சர்க்கரை நோய் பற்றிய தீர்மானம். சண்டை ஒரே ஒரு வரிக்கு. 'இன்சுலின் தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு அதை இலவசமாகத் தரும்.' அதில் 'இயன்றவரை' என்ற சொல்லைச் சேர்த்தே தீர வேண்டும் என்று முன்வரிசைப் பிரதிநிதி ஒற்றைக்காலில் நின்றார். அந்தச் சொல் நுழைந்துவிட்டால் வரி வெறும் செத்த பாம்பு.

"அடுத்து ஒரு அம்மா பேசறாங்க. பொண்ணைப் பறிகொடுத்தவங்க," என்றார் அண்ணன். அவள் அப்படிக் கூப்பிடும், அதே அறையில் அவளோடு முறை மாற்றிப் பேசும் கூட்டாளி. "அழுதுடாத தாயி. மைக் கெட்டுப்போச்சுன்னா என் தலையில கட்டுவாங்க."

"நான் எதுக்குண்ணே அழப்போறேன்? அழுதா அது அவங்க அழுகை."

தாய் பேசத் தொடங்கினாள். மகள் படுக்கையில் விழுந்தது, மருந்துக்காக அலைந்தது என்று சொல் சொல்லாக இவள் பின்தொடர்ந்தாள். நடுவில் ஹெட்போனில் குரல் மெலிந்தது. தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. இவள் விடாமல் கேட்டதைச் சொன்னாள்.

"அக்கா மருந்து வாங்கப் போயிருக்கா. நாக்கு ஒட்டிக்குது. தண்ணி கேக்க வீட்ல யாரும் இல்ல. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்..."

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேடையைக் காட்டினார். அந்தத் தாய் பேச வராமல், உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பியதைப் பார்க்க அந்த வீட்டில் அப்போது ஒரு ஈ காக்கை கூட இல்லை.

முன்வரிசைப் பிரதிநிதி எழுந்தார். "அந்தம்மா வாயே அசையல. பேச்சு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. நாடகமா போடறீங்க? சாட்சியத்தை மொத்தமா நீக்குங்க."

"கடைசியில் கேட்டவை உங்கள் சொற்களா?" என்று தலைவர் தாயைக் கேட்டார். கேள்வியைக் கொண்டுபோனதும் இவள் வாய்தான். பதிலைக் கொண்டுவர வேண்டியதும் அதே வாய். 'ஆமாம்' என்று ஒரு பொய் போதும். வரி பிழைக்கும், வேலையும் பிழைக்கும்.

தாய் தலையசைத்து மறுத்து, தன் மொழியில் பதில் சொன்னாள். இவள் அதை அப்படியே சொன்னாள்: "நான் சொல்லல. அது என் பொண்ணும் இல்ல. ஆனா என் பொண்ணும் அப்படித்தான் போனா."

மைக்கை அணைத்தாள். அதன் சிவப்பு விளக்கும் அணைந்தது. தலைவர் கடைசிப் பகுதியை நீக்கச் சொன்னார். முன்வரிசைக்காரர் தன் திருத்தத்தை முன்மொழிய வாய் திறந்தார், திறந்தபடி நின்றார். கை ஹெட்போனை அழுத்தியது.

"யாரோ இன்னும் தண்ணி கேக்கறாங்க," என்றார். "மொழிபெயர்ப்பாளர் தயவுசெஞ்சு நிறுத்துங்க."

வரிசை வரிசையாகத் தலைகள் கண்ணாடி அறையை நோக்கித் திரும்பின. எல்லோர் கையும் காதில்.

"நீயா பேசற?" என்றார் அண்ணன்.

அவள் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முன்வரிசைக்காரர் எதையும் முன்மொழியாமல் உட்கார்ந்தார். வரி இருந்தபடியே வாக்கெடுப்புக்குப் போனது. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக அவர் கையும் உயர்ந்த பிறகுதான் ஹெட்போன்கள் ஓய்ந்தன.